கேட்காத ஏழாவது வெடி

மூன்று முறை விசில் ஊதினால் எங்கள் சந்தை உட்கார்ந்துவிடும்.

பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே உட்காரும். மீன்காரிகள் கூடையை மடியோடு இழுத்து அணைத்துக்கொண்டு மேலே முறத்தைக் கவிழ்ப்பார்கள். இட்லிக்கடை ராணி தட்டுகளைக் குப்புறப் போடுவாள். வளையல்காரர் பெட்டியைச் சாத்தி அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்வார். கத்தரிக்காய்க்கு விலை பேசிக்கொண்டிருந்த வாய் பாதியில் நிற்கும். கூரை இருக்கிற இடமாகப் பார்த்து எல்லாரும் ஒதுங்கிக்கொண்டு, குவாரிப் பக்கம் காதைத் திருப்பிவைப்பார்கள்.

என் தையல்கடையில் நான் மிஷின் சக்கரத்தை உள்ளங்கையால் அழுத்தி நிறுத்துவேன். மிஷின் ஓடினால் எண்ண முடியாது.

முதல் வெடி வரும். தகரக் கூரை கிர்ரென்று நடுங்கும். "ஒண்ணு" என்று சந்தை மொத்தமும் அடிக்குரலில் சொல்லும். கொஞ்ச நேரம் கழித்து அடுத்தது. "ரெண்டு." ஜெபத்துக்குப் பதில் சொல்கிற மாதிரிதான் இருக்கும். புகை வாசனையும் கல்தூசியும் கருவாட்டு வாசனையோடு கலந்து வரும். எனக்கு இன்றைக்கும் சனிக்கிழமை என்றால் அந்த வாசனைதான்.

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊர் குன்றப்பாக்கம். சேரப்பணஞ்சேரியிலிருந்து வல்லம் வடகால் போகிற வழியில், கம்பெனி பஸ்கள் திரும்புகிற மூலையில் இருக்கிறது. ஒரு காலத்தில் இது கல் உடைக்கிற ஊர். சனிக்கிழமை கூடுகிற சந்தைக்கு வெளியூர்க்காரர்கள் வைத்த பெயர் வெடிச்சந்தை.

மூன்று வாரங்களுக்கு முன்னால் இதே பக்கத்தில் இப்படி ஒரு வரி எழுதியிருந்தேன்: "வெடி முழுவதும் முடிவதற்குள் அவசரப்பட்டுக் குழியில் இறங்கிய ஆரோக்கியசாமியும் அவரோடு போன மாணிக்கமும் இறந்துபோனார்கள்." எழுதிவிட்டு அடுத்த வரியில் ராணியின் இட்லிக்குப் போய்விட்டேன். அந்த வரி பொய். அது என்னென்ன செய்தது என்பதைச் சொல்லாமல் இந்தத் தொடரை மேலே எழுதிக்கொண்டு போக எனக்கு யோக்கியதை இல்லை.

ஜல்லியாகப் போன கல்

மணிமங்கலத்துக் கோயிலைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. கல்வெட்டைப் படிப்பார்கள், தூணைத் தடவிப் பார்ப்பார்கள், போட்டோ பிடிப்பார்கள். எங்கள் ஊர்க் கல்லைப் பற்றி யாரும் ஒரு எழுத்து எழுதியதில்லை. எங்கள் கல் சாமியாகவில்லை, ஜல்லியாகப் போனது. ரோட்டுக்கடியில், தண்டவாளத்துக்கடியில், கடைசியில் இங்கே வந்த தொழிற்சாலைகளின் அஸ்திவாரத்துக்கடியில் அது கிடக்கிறது.

குன்று இருந்த இடத்தில் முதலில் குன்று போயிற்று. பிறகு தரைக்குக் கீழே தோண்டினார்கள். தோண்டத் தோண்ட ஆட்கள் வந்தார்கள். சேலம் பக்கத்திலிருந்து கல் உடைப்பவர்கள், செஞ்சிப் பக்கத்திலிருந்து மாதா கோயில் குடும்பங்கள், ஆற்காட்டிலிருந்து டீக்கடை காதர் பாய். என் வீட்டுக்காரர் ஜல்லி உடைக்கிற கிரஷரை ஓட்ட வந்தார், அவர் பின்னாலேயே ஒரு கை மிஷினைத் தூக்கிக்கொண்டு நான் வந்தேன். சம்பளம் சனிக்கிழமை, அதனால் சந்தையும் சனிக்கிழமை.

சந்தையும் குவாரியும் அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கலாமா என்று இப்போது கேட்கிறார்கள். இருந்திருக்கக் கூடாதுதான். அன்றைக்கு அதைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

இப்போது குவாரி ஒரு பச்சைத் தண்ணீர்க் குழி. எத்தனை ஆள் ஆழம் என்று யாருக்கும் தெரியாது. சந்தை இருந்த இடத்தில் செல்போன் கடை, பரோட்டாக் கடை, வரிசையாக லேடீஸ் ஹாஸ்டல். ஷிப்ட் விடுகிற நேரத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, தெற்கத்திப் பிள்ளைகள் கூட்டமாக இறங்கி வருகிறார்கள். நானும் யூனிபாரம் பேன்ட்டுக்கு இடுப்புப் பிடித்துக் கொடுத்து என் கடைசிக் காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சந்தை போய்விட்டதே என்று நான் உட்கார்ந்து அழவில்லை. அந்தத் தூசியில் என் வீட்டுக்காரர் நுரையீரல் கெட்டுச் செத்தார்.

வெள்ளைத் துணி

எண்ணுவது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன்.

பாறையில் துளை போட்டு, மருந்து அடைத்து, திரி வைப்பார்கள். ஒவ்வொரு திரியும் ஒவ்வொரு நீளம். அதனால் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். ஏழு துளை போட்டால் ஏழு வெடி கேட்க வேண்டும். ஆறுதான் கேட்டது என்றால் ஒன்று உள்ளே உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அது எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

வெடி வைக்கிறவர் ஆரோக்கியசாமி. அவருக்குக் கூடமாட இருந்தவர் மாணிக்கம். திரி கொளுத்திவிட்டு இருவரும் குழியின் எதிர் விளிம்பில் இருந்த கல் மறைவுக்குள் போய் ஒதுங்குவார்கள். அங்கே அவர்களால் எண்ண முடியாது. பாறைச் சுவர் ஒவ்வொரு சத்தத்தையும் இரண்டாக, மூன்றாகத் திருப்பி அடிக்கும். சுத்தமாகக் கேட்பது வெளியே, சந்தையில்தான்.

அதனால் எண்ணுகிற வேலை எங்களிடம் வந்தது. சந்தை மொத்தமும் எண்ணும் என்றாலும் பொறுப்பு இரண்டு பேருக்கு. ஒருவர் காதர் பாய். இன்னொருவர் நான். என் கடைக்கு முன்வாசல் சந்தைப் பக்கம், பின்வாசல் குழிப் பக்கம். அதனால்தான் என்னைப் பிடித்தார்கள், வேறு பெருமை ஒன்றும் இல்லை. வெடி ஓய்ந்ததும் பாய் என் முன்வாசலுக்கு வந்து அவர் எண்ணிக்கையைச் சொல்வார். என்னுடையதும் அதுவே என்றால் நான் பின்வாசல் படியில் நின்று, வெள்ளைத் துணி கட்டிய கம்பை அத்தனை தடவை உயர்த்திக் காட்டுவேன். ஆரோக்கியசாமி மறைவிலிருந்து தலையை நீட்டிப் பார்த்து மனசுக்குள் எண்ணிக்கொள்வார். அவர் போட்ட துளையும் என் துணியும் ஒத்துப்போனால்தான் குழிக்குள் கால் வைப்பார்.

பாயும் நானும் வேறுபட்டால் சிவப்புத் துணி. சிவப்பு காட்டினால் ஒரு மணி நேரத்துக்கு யாரும் அசையக் கூடாது. குழியிலும் சரி, சந்தையிலும் சரி.

எத்தனை துளை போட்டிருக்கிறது என்று ஆரோக்கியசாமி எங்களிடம் முன்கூட்டிச் சொன்னதே இல்லை. நான் ஒருநாள் கேட்டேன்.

"சொன்னா உன் காது அத்தத்தான் கேக்கும், டெய்லரம்மா," என்றார். "தெரியாமலே எண்ணு. அப்பத்தான் நான் நம்புவேன்."

அவ்வளவு ஜாக்கிரதையான மனுஷனைத்தான் மூன்று வாரம் முன்னால் நான் அவசரக்காரர் என்று எழுதினேன்.

பஞ்சாயத்துப் பலகை

பச்சைத் தண்ணீர்க் குழியைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, நடைபாதை போட்டு, ஊர் வரலாற்றைச் சொல்லும் பலகை ஒன்று வைக்கப் போகிறார்கள். ஏதோ ஒரு கம்பெனி பணம் கொடுத்திருக்கிறது. பலகையின் கீழ்ப் பாதியில், குவாரியில் செத்தவர்கள் பெயர்கள். அந்தப் பெயர்களைத் திரட்டும் வேலையைப் பஞ்சாயத்தில் இசக்கி என்கிற பெண்ணிடம் கொடுத்திருந்தார்கள். சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளை, தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் வேலை. எழுத்து முத்துமுத்தாக இருக்கும். தங்கியிருப்பது ஸ்டெல்லாவின் ஹாஸ்டலில்.

ஸ்டெல்லா ஆரோக்கியசாமியின் ஒரே மகள். அப்பா செத்தபோது பத்து வயசு. இப்போது அறுபது பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் பொங்கிப் போடுகிறாள். அவள் வாயிலிருந்து அப்பா என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் கூட்டம். நான் சபைக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள் இல்லை. ஆனாலும் பழைய ஆள் என்று கூப்பிட்டிருந்தார்கள். போகும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. பத்திரிகையில் எழுதுகிறவள் அல்லவா. நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

இசக்கி பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தாள். "மாணிக்கம்," என்றாள். அடுத்து, "ஆரோக்கியசாமி."

குமார் எழுந்து நின்றான். குமார் மாணிக்கத்தின் மகன், கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். குரல் உயர்த்திப் பேசத் தெரியாத ஆள்.

"எங்கப்பா பேருக்குப் பக்கத்துல அந்தாளு பேரு வரக் கூடாது," என்றான். "சிக்னல் காட்றதுக்கு மின்னாடியே எறங்கி எங்கப்பாவயும் சேத்து இட்டுக்கினு போனவரு அவரு. அப்டி போட்றதா இருந்தா எங்கப்பா பேரே வாணாம், அடிச்சிருங்க."

"அந்தக் காலத்துல என்ன நடந்துச்சுன்னு யாருக்குண்ணே தெரியும்?" என்றாள் இசக்கி. "செத்தவங்க பேரு எல்லாத்தையும் எழுதச் சொல்லித்தான் எங்கிட்ட சொல்லிருக்காவ."

"யாருக்குத் தெரியும்னா கேக்கறே?" குமார் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தான். இந்தப் பத்திரிகையின் பக்கம். என் போட்டோ போட்ட பக்கம். "நம்ம டெய்லரம்மாவே எழுதிக்கீறாங்க. அன்னிக்கு அங்க நின்னவங்க அவங்க." அவசரப்பட்டு என்ற வார்த்தையை அவன் பேனாவால் அடிக்கோடிட்டிருந்தான். அந்த வரியை நிறுத்தி நிதானமாகப் படித்தான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் கைப்பையைப் பார்த்தேன்.

ஸ்டெல்லா சுவரோரமாக டீ டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கூட்டத்துக்கு டீ போட்டு எடுத்து வந்தவளே அவள்தான். "எய்தாதம்மா இசக்கி," என்றாள். "வுட்டுரு. வாணாம்." சொல்லிவிட்டு டிரம்மை அங்கேயே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

இசக்கி அந்தப் பெயரை அடித்தாள். பேனா கீறுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு வார்த்தை பேசாமல் நானும் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை

நாற்பது வருஷம் இருக்கும். நல்ல வெயில் காலம்.

அதற்கு முந்தைய இரண்டு சனிக்கிழமையும் நான் சிவப்புக் காட்டியிருந்தேன். பாய் சொன்ன எண்ணிக்கையைவிட என் கணக்கில் ஒன்று குறைந்தது. இரண்டு தடவையும் ஒரு மணி நேரம் சந்தையே வெந்தது. இரண்டு தடவையும் கடைசியில் எல்லாத் துளையும் வெடித்துத்தான் இருந்தது. பாய் சொன்னதே சரி. மீன் நாறிப் போயிற்று. கைப்பிள்ளைக்காரிகள் என்னைத் திட்டிக்கொண்டே போனார்கள். "டெய்லரம்மாவுக்கு மிஷின் சத்தத்துல காது போயிருச்சு" என்று மீன்காரிகள் சொல்ல ஆரம்பித்தார்கள். ராணி, "அடுத்த வாரம் உனுக்கு ஒரு கண்ணாடி வாங்கியாரேன், காதுக்கு மாட்டிக்கோ," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குச் சுருக்கென்றது.

அன்றைக்கு விசில் ஊதியது. சந்தை உட்கார்ந்தது. நான் சக்கரத்தைப் பிடித்தேன்.

நான் கேட்டது ஆறு.

ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே, கிரஷர் பக்கம் நின்ற ஒரு லாரியின் பின்கதவு திறந்துகொண்டு தடாலென்று அடித்தது. அது கதவு என்று எனக்குத் தெரிந்தது. தினமும் கேட்கிற சத்தம். என் வீட்டுக்காரர் லாரிக்காரனைப் பார்த்துக் கத்தியதும் கேட்டது.

பாய் முன்வாசலுக்கு வந்தார். "ஏழும்மா," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கேட்டது ஏழு. அவர் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது, இதில் அவர்மேல் ஒரு சொல் வரக் கூடாது.

அவருக்குப் பின்னால் சந்தை முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தி முறத்தை எடுத்தே விட்டாள். "சீக்கிரம் காட்டு, டெய்லரம்மா. இன்னிக்கும் செவப்ப எடுத்துராத" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

நான் பாயைப் பார்த்து, "ஆமா, ஏழு" என்றேன்.

பின்வாசலுக்கு வந்தேன். எதிர் விளிம்பில் மறைவிலிருந்து ஆரோக்கியசாமியின் தலைப்பாகை தெரிந்தது. கம்பை உயர்த்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.

ஆறோடு கை நின்றுவிட்டது. அவர் அசையவில்லை. கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். மாணிக்கம் ஒரு அடி வெளியே வரப் பார்த்தார். ஆரோக்கியசாமி அவர் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவர் காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. என் கையில் கம்பு கனக்கிற அளவுக்கு நேரம்.

அப்படியே நிறுத்தியிருக்கலாம். சிவப்புத் துணி கைக்கெட்டும் தூரத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் சந்தை எழுந்துகொள்கிற சத்தம் கேட்டது. ராணியின் சிரிப்பு காதில் விழுந்தது. ஏழாவது தடவையும் கம்பை உயர்த்தினேன்.

அவர் எப்போதும்போல் கையை உயர்த்திச் சரி என்று காட்டிவிட்டு இறங்கினார். மாணிக்கம் பின்னாலேயே இறங்கினார்.

அவர்கள் கீழே போய்ச் சேர்ந்து, பாறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது அது வெடித்தது. சந்தையில் யாரோ பழக்கத்தில் "எட்டு" என்றார்கள். நான் மனசுக்குள் ஏழு என்று எண்ணினேன்.

தலையாட்டல்

உடம்புகளை மேலே கொண்டுவந்த பிறகு குவாரி மேஸ்திரி என் கடைக்கு வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

"நீ காட்டினேன்னு சொன்னா நாளைக்கே குவாரிய மூடிருவாங்க. இத்தினி குடும்பம் கஞ்சிக்கு எங்க போவும்? உன் வூட்டுக்காரரு எங்க போவாரு?" என்றார். பிறகு நானே யோசித்துச் சொல்கிற மாதிரி அவரே எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "நீ துணிய எடுக்கறதுக்குள்ள அவன் எறங்கிட்டான். அப்டித்தானே?"

நான் தலையாட்டினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. விசாரிக்க வந்தவர்களிடமும் மேஸ்திரி பேசினார், நான் தலையாட்டினேன். மாணிக்கத்தின் மனைவி மாரில் அடித்துக்கொண்டு வந்து கேட்டபோதும் தலையாட்டினேன். பின்வாசலில் நான் நின்றதைச் சந்தையில் ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்த இருவரும் செத்துவிட்டார்கள்.

மாதா கோயில்காரர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. சாமியாரிடம் முழங்காலிட்டுச் சொல்லிவிட்டு எழுந்து வரலாம். எங்கள் சபையில் அது கிடையாது. கர்த்தரிடம் நேராகச் சொல் என்பார்கள். அவரிடம் சொல்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லை, அவர் யாரிடமும் போய்ச் சொல்லப் போவதில்லை. அதனால் நாற்பது வருஷமாக அவரிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு இந்தத் தொடர் வந்தது. வாரா வாரம் எழுத எழுத, வாசகர்கள் கடிதம் போடப் போட, நான் நல்லவள் என்று எனக்கே ஒரு எண்ணம் வந்துவிட்டது. குவாரிச் சாவைப் பற்றி எழுதும் இடம் வந்தபோது பேனா தானாக மேஸ்திரியின் வாக்கியத்தை எழுதியது. அந்த வரியை எழுதும்போது யாரும் என்னை மிரட்டவில்லை. மேஸ்திரி செத்து எத்தனையோ வருஷம். அது முழுக்க என் பொய்.

ஹாஸ்டல் சமையலறை

கூட்டத்துக்கு மறுநாள் காலையில் ஸ்டெல்லாவின் ஹாஸ்டலுக்குப் போனேன். முதல் ஷிப்ட் பிள்ளைகள் போயிருந்தார்கள். சமையலறையில் தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் பீன்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் இசக்கி, இரண்டாவது ஷிப்டுக்குப் போக வேண்டியவள், நார் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, டெய்லரம்மா. டீ போடட்டா?"

"வாணாம். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

இசக்கி எழுந்துகொள்ளப் பார்த்தாள். "நீயும் இரு," என்றேன். ஒரு ஆள் சாட்சி இருந்தால்தான் பாதியில் மாற்றிச் சொல்ல மாட்டேன் என்று என்னை எனக்குத் தெரியும்.

சொன்னேன். இங்கே எழுதிய வரிசையிலேயே சொன்னேன். கதவு அடித்தது, பாய் வந்தது, நான் ஆமா என்றது, ஆறோடு கை நின்றது, ஏழாவது தடவை உயர்த்தியது. மேஸ்திரிக்குத் தலையாட்டியது வரை சொல்லி முடித்தேன்.

ஸ்டெல்லா அரிவதை நிறுத்தவில்லை. கடைசிக் கைப்பிடி பீன்ஸையும் அரிந்து முடித்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தாள்.

"ஆறு காட்டிட்டு நிறுத்துனீங்களே, அப்ப அவரு எறங்கலியா?"

"எறங்கல."

"நின்னுக்கினுதான் இருந்தாரா?"

"நின்னுக்கினுதான் இருந்தாரு. மாணிக்கம் வெளிய வந்தாரு. அவர உள்ள இஸ்த்து நிறுத்துனாரு. என் கையையே பாத்துக்கினு இருந்தாரு."

அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா சாவற வரைக்கும் அவர அவசரத்துக்குப் பொறந்தவன்னு திட்டிக்கினே இருந்துச்சு," என்றாள். "புருசன் போனதுக்குக்கூட அது அழுவல, டெய்லரம்மா. இன்னொருத்தர் குடும்பத்தயும் கெடுத்துட்டானேன்னுதான் அழுதுச்சு. கல்லறைத் திருநாளுக்கு நான் மெழுவத்தி எடுத்தா புடுங்கிப் போட்ரும். நானும் திட்டியிருக்கேன். அவரு குழிமேட்டுல நின்னு திட்டியிருக்கேன்."

எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன். அந்த அறையில் அழுகிற உரிமை எனக்கு இல்லை. மன்னித்துவிடு என்று ஆரம்பித்தேன்.

"அத்த அப்பறம் பாத்துக்கலாம்," என்றாள் ஸ்டெல்லா. "எங்கிட்ட சொல்லி இன்னா? நான் ஒருத்தி தெரிஞ்சிக்கினு இந்த அடுப்பாண்ட வெச்சிக்கவா? வாரா வாரம் எய்தறீங்க இல்ல, ஊரே படிக்கிது. அதுலயே எய்துங்க. எந்த எடத்துல அவசரக்காரன்னு எய்தினீங்களோ அந்த எடத்துலயே எய்துங்க. உங்க பேரப் போட்டு."

குமாரும் இசக்கியும்

எழுதியதை முதலில் குமாரிடம்தான் கொண்டுபோனேன். அச்சில் பார்த்து அவன் தெரிந்துகொள்ளக் கூடாது என்று பட்டது. பஸ்ஸை ஓரம் கட்டி ஷிப்டுக்குக் காத்திருந்தான். படியில் உட்கார்ந்து, உதடு அசைய, எல்லாப் பக்கத்தையும் படித்தான். சில பக்கங்களை மறுபடி எடுத்துப் படித்தான்.

"எங்கப்பாவ அவரு உள்ள இஸ்த்தாரா?" என்றான்.

"ஆமாம்பா."

"இந்த ஸ்டெல்லா எதிர்ல வந்தா நான் ரோடு மாறிப் போவேன்," என்றான். "சின்ன வயசுலருந்து. அது ஸ்கூலுக்கு வர்றப்போ கல்லெடுத்து அடிச்சிக்கீறேன்." காகிதங்களை மடித்து என்னிடம் நீட்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க கெளம்புங்க. நான் இப்ப எதுனா பேசினேன்னா தப்பா வந்துரும்."

அவன் சொன்னது நியாயம்தான். கிளம்பி வந்துவிட்டேன்.

நேற்று மாலை இசக்கி பேன்ட் சுருக்க வந்தாள். கையில் பலகைக்கான காகிதம் இருந்தது.

"குமார் அண்ணன் ஹாஸ்டலுக்கு வந்தாங்கம்மா," என்றாள். "வாசல்லயே நின்னாங்க, உள்ள வரல. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல எழுதிருன்னு எங்கிட்டதான் சொன்னாங்க. ஸ்டெல்லா அக்கா அடுப்படியிலருந்து கேட்டுக்கிட்டு நின்னாங்க. கீழ என்ன எழுதட்டும்னு கேட்டேன். அக்காதான் சொன்னாங்க, நான் அப்படியே எழுதுனேன்."

"அக்கா என்னப் பத்தி எதுனா சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லலம்மா. உங்க கடையில இனி துணி குடுக்காதீகன்னும் சொல்லல, குடுங்கன்னும் சொல்லல."

காகிதத்தை என் மிஷின் மேல் வைத்தாள். ஆரோக்கியசாமி, மாணிக்கம் என்று இரண்டு பெயர்கள். கீழே அவளுடைய முத்தான எழுத்தில் ஒரே வரி: "ஏழு என்று காட்டியதை நம்பி இறங்கினார்கள்."

யார் காட்டியது என்று பலகையில் இருக்காது. ஸ்டெல்லா அதைச் சொல்லவில்லை, அது என்னிடம் விட்ட வேலை. அதனால் இங்கே எழுதுகிறேன். ஆறு வெடி கேட்டுவிட்டு ஏழு என்று காட்டியவள், குன்றப்பாக்கம் சந்தையில் தையல்கடை வைத்திருந்த எஸ்தர். ஆரோக்கியசாமி அவசரப்படவில்லை. நான்தான் அவசரப்பட்டேன்.